வீட்டுத் தோட்டம்: எலுமிச்சையா, மல்லிகையா?

சென்ற மாதம் நம் பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்று நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்துவிட்டது. தென் தில்லியில் ஒரு குடியிருப்பின் தரைத்தளத்தில் வசிக்கும் சகோதரி ஒருவர் எழுதியது அது. வீடு சொந்த வீடு. பின்புறம் 12 அடி நீளமும் 8 அடி அகலமும் உள்ள மண்தரை இருக்கிறது. காலை முதல் பிற்பகல் இரண்டு மணி வரை அங்கே வெயில் விழுகிறதாம். அதில் ஓர் எலுமிச்சங்கன்று வைக்கவேண்டும் என்பது சகோதரியின் ஆசை. அவர் கணவரோ, "மரம் எதற்கு? இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் ஊருக்குப் போய்விடப் போகிறோம். ஒரு மல்லிகைச் செடி வைத்தால் போதாதா? வைத்த வருஷமே பூக்குமே!" என்கிறாராம்.

இவ்விரண்டில் எது உகந்தது என்று நம்மைத் தீர்ப்புச் சொல்லும்படி கேட்டுவிட்டு, கடிதத்தின் அடியில் சகோதரி ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "நாங்கள் தில்லிக்கு வந்து 11 வருஷம் ஆகிறது. வந்த வருஷமும் அவர் இதையேதான் சொன்னார்."

இவ்வொரு வரியைப் படித்த பிறகு, கேள்வி செடியைப் பற்றியது மட்டும் அன்று என்பது நமக்கு விளங்கிவிட்டது. ஆயினும் செடியைப் பற்றிய பகுதியை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுவதே முறை. கணவன் மனைவிக்கு இடையே தீர்ப்புச் சொல்லுகிறவன் இரு தரப்பு வழக்கையும் முழுதும் கேட்டாக வேண்டும் அல்லவா?

முதலில் ஓர் எச்சரிக்கை. ஊரில் செடி வளர்த்துப் பழகிய கையோடு தில்லிக்கு வருகிறவர்கள் செய்யும் பெரும் பிழை, ஊர்ப் பஞ்சாங்கத்தையும் கூடவே கொண்டுவந்துவிடுவதுதான். சென்னையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது; அதில் பெரும் பகுதி ஐப்பசி, கார்த்திகையில் விழுவது. தில்லியில் பெய்வது அதில் பாதியைச் சற்றே தாண்டும். அதுவும் ஜூலை முதல் செப்டம்பர் வரையில் பெரும்பாலும் கொட்டித் தீர்ந்துவிடும். மே மாதத்தில் 45 டிகிரி வெயிலும், 'லூ' என்னும் அனல் காற்றும். ஜனவரி இரவுகளில் 4 டிகிரிக்கும் கீழே இறங்கும் குளிர். ஒரே ஆண்டில் இவ்விரண்டையும் தாங்கவேண்டிய செடிக்கு மதுரைப் பக்குவமும் திருநெல்வேலிப் பக்குவமும் அப்படியே பொருந்தமாட்டா.

இனி எலுமிச்சையின் வழக்கைக் கேட்போம்.

நம் வீடுகளில் எலுமிச்சம்பழத்துக்கு வேலையில்லாத நாள் இல்லை. சாதம், ரசம், ஊறுகாய், கோடைக்குப் பானகம், வெள்ளிக்கிழமை விளக்கு, புது வண்டியின் சக்கரம், பெரியோரைக் காணச் செல்லும்போது கையில் ஒரு பழம் என்று அதன் பணிகள் பல. 2022 ஏப்ரல் மாதத்தில் தில்லிச் சந்தையில் அதன் விலை கிலோ 300 ரூபாயைத் தாண்டியதை நம் இல்லத்தரசிகள் மறந்திருக்கமாட்டார்கள். வளர்ந்த மரம் ஒன்று கொல்லையில் இருந்தால், ஆண்டுக்குச் சில நூறு காய்கள் கிடைக்கும். நன்கு பேணப்பட்ட மரம் இருபது ஆண்டுகளுக்கு மேலும் காய்க்கும்.

ஆனால் அது கேட்கும் விலையும் உண்டு. முதலாவது, காலம். ஒட்டுக்கன்றோ பதியன் கன்றோ வைத்தால் மூன்றாம் ஆண்டில் கைக்குச் சில காய்கள் வரும். விதையிலிருந்து வளர்த்தால் ஐந்தாறு ஆண்டுகள் பொறுக்கவேண்டும். இரண்டாவது, இடம். பத்துப் பன்னிரண்டு அடி உயரத்துக்கு எழுந்து, அதே அளவுக்குப் படரக்கூடிய மரம் அது, முள்ளும் உண்டு. சுவரிலிருந்து ஆறடியாவது தள்ளி நட முடியுமானால் நல்லது. மூன்றாவது, குளிர். எலுமிச்சை இனத்திலேயே நாம் சாதத்துக்குப் பிழியும் சிறு எலுமிச்சைதான் உறைபனிக்கு மிகவும் அஞ்சுவது. முதல் இரண்டு குளிர்காலங்களிலும் இளங்கன்றுக்குச் சாக்கினாலோ வைக்கோலினாலோ மூன்று புறமும் மறைப்புக் கட்டி, காலை வெயில் விழும் தென்கிழக்குப் புறத்தை மட்டும் திறந்து வைக்கவேண்டும். உறைபனி விழும் என்று தோன்றும் மாலையில் வேருக்குச் சிறிது நீர் விட்டுவைப்பதும் கன்றைக் காக்கும்.

கன்று வாங்கும் விஷயத்தில் நாம் பட்ட பாட்டை இங்கே சொல்லவேண்டும். 2011-இல் ஒரு நாற்றுப் பண்ணையில் 'காக்ஜி நிம்பூ' ஒட்டுக்கன்று என்று சொல்லிக் கொடுத்ததை வாங்கி நட்டோம். கன்று செழித்து வளர்ந்தது; நமக்கும் பெருமை தாங்கவில்லை. நான்காம் ஆண்டு காய்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. கரடுமுரடான தடித்த தோலும், கொஞ்சமே சாறும் உள்ள காய்கள்! ஒட்டுக் கட்டிய நல்ல கிளை எப்போதோ பட்டுப்போயிருக்கிறது. அதற்குக் கீழே அடிக்கன்றாக வைத்திருந்த, வடநாட்டார் 'ஜட்டி கட்டி' என்று சொல்லும் காட்டு எலுமிச்சைதான் துளிர்த்து மரமாகியிருக்கிறது. பண்ணைக்காரரைக் குறை கூறிப் பயனில்லை. ஒட்டு இருந்த இடம் எது என்று நாம் ஒரு நாளும் குனிந்து பார்க்கவில்லை. ஆகையால் நேயர்கள் வாங்கும்போதே ஒட்டுத் தழும்பைக் கண்டு வைத்துக்கொள்ளவேண்டும். அது மண்ணுக்கு மேலே அரையடி உயரத்தில் நிற்கும்படி நடவேண்டும். தழும்புக்குக் கீழே எழும் துளிர் எதுவாயினும் உடனே கிள்ளி எறிந்துவிடவேண்டும். தில்லி பூசாவிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'பூசா உதித்', 'பூசா அபினவ்' என்னும் எலுமிச்சை வகைகளின் கன்று கிடைக்குமானால் அவற்றை நாடலாம்.

குழி இரண்டரை அடிச் சதுரமும் அதே ஆழமுமாக இருக்கட்டும். மண்ணோடு இரண்டு கூடை மக்கிய தொழு உரமும், ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்பலாம். நீர் பாய்ச்சும்போது அடிமரத்தைத் தொடாதபடி, சுற்றிலும் ஒரு சிறு மேடு அணைத்து, அதற்கு வெளியே வட்டப்பாத்தி கட்டவேண்டும்; அடிமரம் ஓயாமல் நனைந்தால் பட்டை அழுகிப் பிசின் வடியும். இலைகளில் பறவை எச்சம்போல் தோன்றும் சிறு புழுக்கள் சில நாளில் பச்சைப் புழுக்களாகி இளந்துளிரைத் தின்று தீர்க்கும். ஒரு வகைப் பட்டாம்பூச்சியின் பிள்ளைகள் அவை. ஒரு மரத்துக்கு மருந்து வேண்டாம். காலையில் கையால் பொறுக்கிவிட்டால் போதும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஒன்றிரண்டு புழுக்களை விட்டுவைத்து, அவை சிறகு முளைத்துப் பறப்பதைக் காட்டலாம்.

இன்னொன்றும் அறிந்துகொள்ளவேண்டும். தில்லி மர பாதுகாப்புச் சட்டம் 1994-ஆம் ஆண்டில் வந்தது. தரையிலிருந்து 30 செண்டிமீட்டர் உயரத்தில் அடிமரம் 5 செண்டிமீட்டர் விட்டத்துக்குக் குறையாமலும், உயரம் ஒரு மீட்டருக்குக் குறையாமலும் இருந்தால், அச்சட்டத்தின் கண்ணில் அது மரமாகிவிடும். பிறகு நாமே வைத்ததாயினும், அனுமதியின்றி வெட்ட இயலாது. சாக்கடைக் குழாயின் மேலே மரம் வைத்துவிட்டுப் பின்னால் வருந்துவதை விட, இடத்தை முன்னதாகவே ஆராய்ந்துகொள்வது நன்று.

இனி மல்லிகையின் வழக்கு.

மல்லிகைக்கு நாம் பரிந்து பேசவேண்டியதில்லை. 2013-ஆம் ஆண்டில் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு எத்தனையோ காலம் முன்னதாகவே நம் பெண்டிர் அதற்குக் கொடுத்த குறியீடு ஒன்று உண்டு. கோயில் வாசலில் வாங்கும் முழப் பூவுக்கும், விடியலில் நம் கொல்லையிலிருந்து பறித்து நம் கையாலேயே தொடுத்த பூவுக்கும் உள்ள வேற்றுமையைத் தொடுத்தவர்கள் அறிவார்கள். தில்லிக்கும் இது புதிய பூ அன்று. இங்கே 'மோத்தியா' என்றும் 'மோக்ரா' என்றும் 'பேலா' என்றும் வழங்குவது நம் குண்டுமல்லியின் இனமேதான்.

இதன் முதற் சிறப்பு, காத்திருக்க வைக்காமை. மழைக்காலத்தில் நட்ட நல்ல கன்று அடுத்த கோடையிலேயே பூக்கும். நான்கடி இடம் போதும். ஒன்றரை அடி வாய் அகலமுள்ள தொட்டியாயினும் சம்மதமே. நாளுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் மட்டும் கட்டாயம். வெயில் குறைந்த மாடத்தில் இலை தழைக்குமேயன்றி மொட்டுக் கட்டாது. தில்லியில் ஏப்ரல் தொடங்கி மழைக்காலம் முடியும்வரை பூ இருக்கும். குளிர் நாட்களில் ஒன்றும் இராது; மார்கழியில் கொல்லை மல்லிகையை எதிர்பார்க்கவேண்டாம்.

தமிழ்நாட்டில் இதற்குக் கவாத்துச் செய்வது நவம்பர் மாதக் கடைசியில். 1989-இல் தில்லிக்கு வந்த புதிதில், நாமும் அந்த வழக்கப்படியே நவம்பரில் செடியை வெட்டிவிட்டோம். வெட்டிய இடத்தில் எழுந்த இளந்துளிர் அத்தனையும் ஜனவரிக் குளிரில் கருகிப்போயின. அந்தக் கோடையில் வீட்டில் பூவும் இல்லை. நமக்கு நல்ல பெயரும் இல்லை. இங்கே நவம்பரிலிருந்து நீரைக் குறைத்துச் செடியை உறங்க விடவேண்டும். ஜனவரிக் கடைசிக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையே, குளிர் தணிந்தது கண்டு, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வெட்டி, பழைய இலைகளை உருவிவிட்டு, தொழு உரம் இடவேண்டும். புதுக் கிளைகளில்தான் மொட்டு வரும். வெட்ட மனம் வராதவர்களுக்குப் பூவும் வராது. தில்லியின் காரமண்ணிலும் கடின நீரிலும் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மஞ்சள் பூப்பதுண்டு. அது இரும்புச் சத்துக் குறைவு. லிட்டர் நீருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட்டுக் கரைத்து, மாலை வேளையில் இலைகளில் தெளித்தால் தேறிவிடும்.

மல்லிகைக்கும் குறை உண்டு. செடியின் பயன் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தளரும். கோடையில் தொட்டிச் செடிக்கு ஒரு நாள் நீர் விடத் தவறினாலும் வாடிவிடும். மே மாத விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவர்கள் யாரிடமேனும் ஒப்படைத்துவிட்டுத்தான் ரயில் ஏறவேண்டும். அன்றியும், ஒரே செடியில் நாள்தோறும் முழம் பூவை எதிர்பார்ப்பது ஆசை. சுவாமிக்கும் கொண்டைக்கும் ஒரு கொத்து என்பதே மெய்க்கணக்கு. நாள்தோறும் சரம் தொடுக்க வேண்டுமானால் ஐந்தாறு செடிகளாவது வேண்டும்.

இரு தரப்பையும் கேட்டாயிற்று. இப்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். விரைவில் பயன் தருவது மல்லிகை; நெடுங்காலம் பயன் தருவது எலுமிச்சை. கை வேலை மிகுதியும் கேட்பது மல்லிகை. பொறுமை மிகுதியும் கேட்பது எலுமிச்சை. இவையெல்லாம் யாவரும் அறிந்தவையே. நாம் சொல்ல விரும்பும் வேற்றுமை வேறொன்று.

நம் மல்லிகையில் விதை அநேகமாக உண்டாவதில்லை. ஆனால் மழைக்காலத்தில் ஒரு கிளையை வளைத்து, கணுவில் சிறிது பட்டையைச் சீவி, பக்கத்துத் தொட்டி மண்ணில் புதைத்துவைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் வேர் பிடித்துவிடும். தாய்ச் செடியிலிருந்து அறுத்து எடுத்துக்கொண்டு, எந்த ஊருக்கு மாற்றலானாலும் கையோடு கொண்டு போகலாம். எலுமிச்சையோ, வேரூன்றிய பின் இடம் பெயராது. அதைத் தொட்டியில் அடைத்தால் உயிர் வாழும், மரமாகாது. நாம் போகும்போது அது போகாது. ஆனால் ஊரிலிருந்து வந்த ஒரு நல்ல பழத்தின் விதையைக் காயவிடாமல் அன்றே ஊன்றினால், முளைக்கும் கன்றுகளில் பெரும்பாலானவை தாய் மரத்தைப் போலவே காய்க்கும். இது சிறு எலுமிச்சைக்கு இயற்கை கொடுத்த தனி வரம். புளியங்குடிப் பழத்தின் விதை தில்லி மண்ணிலும் புளியங்குடிப் பழத்தையே நினைவில் வைத்திருக்கும்.

ஆக, மல்லிகை நம்முடன் வருவது. எலுமிச்சை நாம் விட்டுச் செல்வது. சகோதரியின் கணவர் மல்லிகையைக் கேட்பது பூவின்மேல் உள்ள ஆசையால் மட்டும் அன்று என்று நமக்குத் தோன்றுகிறது. மரம் வைத்தால், 'இங்கேதான் இருக்கப்போகிறோம்' என்று தம் வாயால் ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்ற தயக்கம் அவருக்கு. அவரை நாம் குறை கூறமாட்டோம். ஏனெனில் அந்தத் தயக்கம் நமக்கும் பழக்கமானதே.

நாம் தில்லியில் முதலில் குடியிருந்த அரசாங்கக் குடியிருப்பில் பெரிய கொல்லை இருந்தது. 'இந்த வருஷம் மாற்றல் வரும், அடுத்த வருஷம் வரும்' என்று சொல்லிக்கொண்டே ஒன்பது ஆண்டுகள் தொட்டி மல்லிகையோடு காலம் தள்ளினோம். ஒரு மரமும் வைக்கவில்லை. மாற்றலும் வரவில்லை. 1998-இல் வேறு குடியிருப்புக்கு மாறினோம். அங்கே சமையலறைக் கதவைத் திறந்தால் எதிரே காய்த்துக் குலுங்கும் எலுமிச்சை மரம்! நமக்கு முன் இருந்தவர் வைத்ததா, அவருக்கும் முன் இருந்தவர் வைத்ததா, பஞ்சாபியா, வங்காளியா, மலையாளியா, அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆறு ஆண்டுகள் அந்த மரத்துப் பழத்தைப் பிழிந்து உண்டோம். நம் தாயார் தம் இறுதிக் காலத்தில் விரும்பி உண்ட ஊறுகாய் அந்த மரத்துக் காயில் போட்டதுதான். அந்த மனிதரும் ஒருகால், 'இரண்டு வருஷத்தில் போகப்போகிறோம்' என்று நினைத்தவராகவே இருக்கலாம். நினைத்தும் வைத்தாரே, அதுதான் வேற்றுமை. முந்திய வீட்டின் கொல்லையில் நமக்குப் பின் வந்தவர்களுக்கு நாம் வைத்துவிட்டு வந்தது என்ன என்று எண்ணியபோது, நாணமே மிஞ்சியது.

இனித் தீர்ப்பு. தரை எலுமிச்சைக்கு, தொட்டி மல்லிகைக்கு. தொட்டியிலும் மனநிறைவோடு வாழத் தெரிந்தது மல்லிகை. எலுமிச்சைக்கு மண்தரையை விட்டால் வேறு கதியில்லை. ஆகையால் உள்ள ஒரே நிலத்தை அதற்குக் கொடுப்பதே நியாயம். 12 அடி நீளத்தில் வடக்கு ஓரமாகக் கன்றை நடவேண்டும். குளிர்காலத்து வெயில் தெற்கே சாய்ந்து வருவதால், மரத்தின் நிழல் தெற்கு ஓரத்துத் தொட்டிகளின்மேல் விழாது. அங்கே இரண்டு மூன்று மல்லிகைத் தொட்டிகளை வைத்தால், மரம் காய்க்கும் வரை பூ வீட்டாரைக் காத்திருக்கச் சொல்லாது. மெய்யாகவே மூன்றாம் ஆண்டு ஊருக்குப் புறப்பட நேர்ந்தால் மல்லிகைப் பதியன் உடன் வரும்; எலுமிச்சை, வருகிறவருக்கு இருக்கும். புறப்படாவிட்டால் அந்த ஆண்டு முதற்காய் கையில் விழும். எப்படிப் பார்த்தாலும் கணவருக்கு நட்டமில்லை.

வாடகை வீட்டில் வசிக்கும் நேயர்களுக்கு இத்தீர்ப்பு அப்படியே பொருந்தாது. வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல் தரையில் மரம் வைப்பது, அவர் தலையில் சட்டச் சுமையை ஏற்றுவதாகும். முதலில் கேளுங்கள். கேட்டால் 'வேண்டாம்' என்பவர்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு. வெயில் ஆறு மணி நேரம் விழாத இடத்திலும், மழைநீர் தேங்கும் இடத்திலும் எலுமிச்சையை நினைக்கவேண்டாம். மேல் மாடியில் வசிப்பவர்களுக்கு மல்லிகையே துணை.

ஆடிப் பட்டம் தேடி விதை என்பது நம் ஊர்ப் பழமொழி. ஊர்ப் பஞ்சாங்கம் தில்லிக்கு ஒவ்வாது என்று மேலே சொன்ன நாமே, இந்த ஒன்றில் மட்டும் இரண்டு ஊரும் ஒத்துப்போகின்றன என்று ஒப்புக்கொள்ளவேண்டும். ஜூலை மழையில் மண் நனைந்து குளிர்ந்திருக்கும் இந்த நாட்களே இங்கும் கன்று நடுவதற்கு ஏற்றவை. இவ்வார இறுதியில் குழி வெட்டி இரண்டு வாரம் ஆறவிட்டு, ஆடி முடியுமுன் நட்டுவிடலாம். குழியைச் சகோதரியின் கணவரே வெட்டுவாரானால், நாம் எழுதியது வீண்போகவில்லை என்று கொள்வோம்.

அடுத்த இதழில் நம் வீடுகளில் மல்லிகைக்கும் எலுமிச்சைக்கும் முன்னதாகவே இடம் கேட்கும் கறிவேப்பிலையைப் பற்றி எழுதுவோம். தில்லிக் குளிரில் அதைக் காத்த அனுபவம் உள்ள நேயர்கள் நமக்கு எழுதவேண்டுகிறோம்.